இடிபாட்டிலிருந்து மீண்ட பின்னர்

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய பூமியதிர்ச்சிச் செய்திகளை எமது மாணவர்கள் நாள்தோறும் கண்டு வந்தனர். கற்குவியலினிடையே ஒரு கை அசைவதும், மீட்புப் பணியாளர் யாவரையும் மௌனமாயிருக்கச் சைகை செய்து காது கொடுத்துக் கேட்பதும், மூன்று நான்கு நாட்கள் கழிந்த பின்னர் ஒருவர் உயிருடன் வெளியே எடுக்கப்படுவதும் யார் மனத்தைத்தான் உருக்கா? அவ்வாறு மீண்டவருட் சிலர் ஓரிரு நாளில் வைத்தியசாலையில் இறந்தனர் என்ற செய்தியும் இடையிடையே வந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், உள்ளே கிடந்தபோது சாகாதவர் வெளியே வந்த பிறகு ஏன் சாகிறார்?" என்று கேட்டான்.

"சோறு தண்ணீர் இல்லாதபடியால்" என்றான் அடுத்திருந்தவன். நாம் அன்று திருத்தமான விடை கூறவில்லை. "உயிரியல் ஆசிரியரைக் கேள்" என்று சொல்லி, நடத்திக்கொண்டிருந்த பாடத்துக்குத் திரும்பினோம். ஆனால் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. நூல்களைத் தேடிப் படித்தபோது விடை சிறுநீரகத்தில் இருக்கக் கண்டோம். அதன் வழியே தொடர்ந்து சென்றால், சர்வதேச சிறுநீரகவியற் சங்கம் என்னும் வைத்தியர் கூட்டமொன்றின் வரலாற்றிலே போய் நின்றோம். அன்று வகுப்பிற் சொல்லாது விட்டதை இங்கே சொல்ல விழைகின்றோம்.

இரண்டு சல்லடைகள்

முதுகெலும்பின் இருமருங்கிலும், கைமுட்டி அளவினதாய், அவரை விதையின் வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் நிறையுள்ளது. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு ஒவ்வொரு நிமிடமும் சென்றுகொண்டிருக்கிறது. ஒரு சிறுநீரகத்தினுள்ளே சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உண்டு. இவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் நீரை வடித்து, அதில் மிகப் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. யூரியா போன்ற கழிவுகளை அகற்றுவது மாத்திரம் இவற்றின் தொழிலன்று. இரத்தத்தில் உப்புக்களின் அளவைக் காப்பதும் இவையே. அவ்வுப்புக்களுள் பொற்றாசியம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அது தசைகளின் உள்ளே நிறைந்திருப்பது. இரத்தத்திலோ மிகச் சொற்பமாகவே இருத்தல் தகும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடும்.

இலண்டனில் நால்வர்

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜேர்மானிய விமானங்கள் இலண்டன் மாநகரின்மீது இரவிரவாகக் குண்டு பொழிந்தன. இடிந்த வீடுகளுக்குள்ளிருந்து மீட்கப்பட்டோர் ஹம்மர்ஸ்மித் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே பணியாற்றிய எரிக் பைவாட்டர்ஸ் என்னும் வைத்தியர் விசித்திரமான ஒன்றைக் கண்டார். பல மணித்தியாலம் உத்தரத்தின் கீழோ சுவரின் கீழோ கால் நசியுண்டு கிடந்தவர் வெளியே வரும்போது தெளிவாகப் பேசுவார். பார்வைக்கு நன்றாகவே இருப்பார். சில மணித்தியாலத்தில் கால் வீங்கும். இரத்த அமுக்கம் வீழும். சிறுநீர் கபில நிறமாகி, அளவிற் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். ஒரு வார அளவில் மரணம் திடீரென நேரும். இத்தகைய நால்வரைப் பற்றி 1941 ஆம் ஆண்டில் அவரும் பீல் என்னும் துணையாளரும் பிரித்தானிய வைத்திய ஏட்டில் எழுதினர். நால்வரும் இறந்தவர்களே.

இதனை நசிவு நோய் என்று நாம் தமிழிற் கூறலாம். 1908 இல் இத்தாலியில் மெசீனா நகரை அழித்த பூமியதிர்ச்சியின் போதும் இதன் அடையாளங்கள் காணப்பட்டிருந்தன. ஆயினும் சிறுநீரகமே கொலைக்களம் என்பதைத் தெளிவாகக் காட்டியவர் பைவாட்டர்ஸ். நசியுண்ட தசை சிதைகின்றது. தசைக்குச் செந்நிறத்தைக் கொடுக்கும் மயோகுளோபின் என்னும் பொருளும், தசையினுள் அடைபட்டிருந்த பொற்றாசியமும், பாரம் மேலே இருக்கும்வரை அந்தக் காலோடு நிற்கின்றன. பாரத்தைத் தூக்கினவுடன் இரத்தம் காலுக்குப் பாய்கின்றது. பாய்ந்த இரத்தம் இவ்விரண்டையும் உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அதே வேளையில் உடலிலுள்ள நீரெல்லாம் சிதைந்த தசையை நோக்கி ஓடி வீக்கமாகத் தேங்குவதால் சிறுநீரகத்துக்கு வரவேண்டிய இரத்தம் குறைகின்றது. வரண்ட வடிகளில் மயோகுளோபின் சேறுபோல் அடைத்துக்கொள்கின்றது. பொற்றாசியத்தை வெளியேற்ற வழியில்லை. மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இதுதான். உள்ளே அவனைக் காத்து வைத்திருந்ததும் அந்தக் கல்லே. வெளியே அவனைக் கொல்வதும் அந்தக் கல்லை எடுத்ததே.

இதில் ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. இவ்வாறு நின்றுபோன சிறுநீரகம் செத்துப்போன சிறுநீரகமன்று. நோயாளியைச் சில வாரங்கள் உயிருடன் வைத்திருக்க முடிந்தால், வடிகளின் கலங்கள் மீண்டும் வளரும். பெரும்பாலோருக்குச் சிறுநீர் தானாகவே திரும்பும். அந்தச் சில வாரங்களைக் கடத்துவது எப்படி?

கம்பென் நகரத்து மரப்பீப்பாய்

அதே யுத்தத்தின் நடுவே, ஜேர்மானியர் வசப்பட்டிருந்த ஒல்லாந்து நாட்டில், கம்பென் என்னும் சிறு நகரில், வில்லம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் இதற்கு ஒரு வழி கண்டார். இறைச்சி அடைப்பதற்குப் பயன்படும் செலோபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையொன்றிற் சுற்றி, அதனை உப்புநீர் நிறைந்த எனாமல் தொட்டியில் அரைவாசி அமிழ்த்திச் சுழலவிட்டார். நோயாளியின் இரத்தம் குழாயினூடே செல்லும். கழிவு மென்றாளின் நுண்டுளைகளினூடே நீருக்குள் கசியும். எனாமல் தொழிற்சாலை நடத்திய அன்பர் ஒருவரே தொட்டி செய்து உதவினார். 1943 இல் முதல் நோயாளிக்கு இது பூட்டப்பட்டது. அதன் பின்னர் ஒருவர் பின் ஒருவராகத் தோல்வி. 1945 செப்டெம்பரில், பதினேழாவதாக வந்த 67 வயது மாது ஒருவர், நினைவற்ற நிலையிலிருந்து கண் திறந்தார், பிழைத்தார்.

யுத்தம் முடிந்ததும் கொல்ஃப் தாம் செய்துவைத்திருந்த இயந்திரங்களைப் பிறநாட்டு வைத்தியசாலைகளுக்கு இனாமாகக் கொடுத்தார். அவற்றுளொன்று இலண்டனுக்குச் சென்றது. சென்ற இடம் எது? ஹம்மர்ஸ்மித் வைத்தியசாலையே. அதனை அங்கே உபயோகித்து 1948 இல் கட்டுரை எழுதியவருள் ஒருவர் நால்வரின் மரணத்தைக் கண்ட பைவாட்டர்ஸ். வைத்திய வரலாற்றில் இத்தகைய சந்திப்புக்கள் அபூர்வம். எமக்கு இதனை எழுதும்போதே மகிழ்ச்சி உண்டாகிறது.

ஏரிக்கரையிற் பிறந்த சங்கம்

சிறுநீரக நோய் தனியொரு துறையாக அக்காலத்தில் எண்ணப்படவில்லை. பிரான்சில் பாரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் ஜோன் ஹம்பூர்ஜே என்னும் பேராசிரியரே, கிரேக்க மொழியில் சிறுநீரகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இத்துறைக்குரிய பெயரை நிலைநாட்டியவர். அவருடைய முயற்சியால் 1960 ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஜெனீவாவிலும், அதே ஏரியின் தென்கரையிலுள்ள எவியான் என்னும் பிரெஞ்சு ஊரிலும் முதலாவது சர்வதேச மகாநாடு கூடியது. எவியான் ஊற்றுநீர் கல்லடைப்புக்கு நல்லதென்று நெடுங்காலமாகவே மக்கள் அதனைத் தேடிச் சென்று பருகி வந்தனராம். இடம் பொருத்தமாகத்தான் அமைந்தது. அம்மகாநாட்டிலே சர்வதேச சிறுநீரகவியற் சங்கம் தோன்றியது; ஹம்பூர்ஜே அதன் முதற் தலைவரானார்.

முதற் கால் நூற்றாண்டில் அதன் கதை ஏனைய கல்விச் சங்கங்களின் கதை போன்றதே. மகாநாடுகள் கூடின. 1972 இல் ஆராய்ச்சி ஏடொன்று தொடங்கப்பட்டது. 1985 முதல் வறிய நாட்டு இளம் வைத்தியர்கள் வளமுள்ள நாட்டு வைத்தியசாலைகளிற் பயில உதவிப்பணம் வழங்கப்பட்டது. இவை நல்ல காரியங்களே. எனினும் ஒரு சங்கத்தின் தன்மை மகாநாட்டு மண்டபத்தில் வெளிப்படுவதில்லை. இச்சங்கத்துக்குச் சோதனை 1988 இல் வந்தது.

ஆர்மேனியா

அவ்வாண்டு டிசெம்பர் 7 ஆந் திகதி, முற்பகல் 11.41 மணிக்கு, சோவியத் ஒன்றியத்துள் அடங்கியிருந்த ஆர்மேனியாவின் வடபகுதியைப் பூமியதிர்ச்சி தாக்கியது. பிள்ளைகள் பாடசாலையில் இருந்த வேளை. தொழிலாளர் தொழிற்சாலையில் இருந்த வேளை. ஸ்பித்தாக் நகரம் தரைமட்டமாயிற்று. லெனினாகான் நகரில் முன்கூட்டியே வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளை அடுக்கிக் கட்டிய மாடிவீடுகள் சீட்டுக்கட்டைப்போற் சரிந்தன. இருபத்தையாயிரம் பேரளவில் மாண்டனர்.

மீட்கப்பட்டோருள் நூற்றுக்கணக்கானோர்க்குச் சிறுநீர் நின்றது. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் அங்கே போதியன இருக்கவில்லை. உலகமெங்குமிருந்து இயந்திரங்களும் மருந்துகளும் விமானங்களில் வந்து குவிந்தன. உதவி திரளாக வந்தது. ஆனால் ஒழுங்காக வரவில்லை. இயந்திரம் வந்து சேர்ந்த இடத்தில் அதற்கேற்ற நீர் இராது. நீர் இருந்த இடத்தில் இயக்கத் தெரிந்த தாதி இரார். ஒரு நாட்டு இயந்திரத்துக்கு மற்றொரு நாட்டுக் குழாய் பொருந்தாது. இரத்தச் சுத்திகரிப்பு என்பது மின்விசிறியைப்போல் பூட்டிவிட்டு விசையைத் தட்டும் காரியமன்று. ஒரு நோயாளிக்கு ஒரு முறை செய்வதற்கு நூறு லீற்றருக்கு மேற்பட்ட தூய நீர் வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். பயின்ற கைகள் வேண்டும். மண் சரித்த வீட்டிலே பிழைத்தவர்கள் இயந்திரங்களின் அருகிலேயே இறக்க நேர்ந்தது. 'சிறுநீரக அனர்த்தம்' என்ற புதுத் தொடர் அப்பொழுதுதான் வைத்தியருடைய ஏடுகளில் புகுந்தது.

அன்பு மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும் என்று கண்ட சங்கம் 1989 இல் சிறுநீரக அனர்த்த நிவாரணக் குழுவொன்றை அமைத்தது. ஐரோப்பாவில் அதன் தலைமையிடம் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழக வைத்தியசாலை. நோபேட் லாமெயர், றேமண்ட் வன்ஹோல்டர் என்னும் இரு பேராசிரியர்கள் அதனை நடத்தினர். எல்லைகளற்ற வைத்தியர் என்னும் ஸ்தாபனத்தோடு கைகோத்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். பொதிகளையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குவதில் அவர்கள் வல்லவர். சிறுநீரகத்தில் இவர்கள் வல்லவர். எங்கே எந்த வைத்தியரும் தாதியும் எத்தனை மணித்தியாலத்தில் புறப்படக்கூடும் என்ற பெயர்ப்பட்டியலை அமைதிக் காலத்திலேயே எழுதி வைத்தனர். பட்டியல் எழுதுவது வீரச்செயலாக யாருக்கும் தோன்றாது. ஆனால் ஆர்மேனியாவில் இல்லாது போனது அதுவே.

மர்மரா

1999 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17 ஆந் திகதி அதிகாலை 3 மணிக்குச் சற்றுப் பின்னர், துருக்கியின் மர்மராக் கடலோரத்தைப் பூமியதிர்ச்சி குலுக்கியது. உறங்கியவர்கள் உறங்கியபடியே புதையுண்டனர். இறந்தோர் பதினேழாயிரத்துக்கு மேல். கெண்ட் நகரத்துக் குழு உடனே துருக்கிய சிறுநீரகவியற் சங்கத்தோடு தொடர்புகொண்டது. இஸ்தான்புல் நகரில் மெஹ்மெட் செவெர் என்ற பேராசிரியர் எந்த வைத்தியசாலையில் எத்தனை நோயாளர், எத்தனை இயந்திரம் என்பதைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். இருக்கின்ற இயந்திரங்களுக்கு நோயாளரைக் கொண்டுசெல்வதா, நோயாளர் இருக்கும் இடத்துக்கு இயந்திரங்களைக் கொண்டுசெல்வதா என்ற கேள்விக்கு இம்முறை விடை தயாராக இருந்தது.

639 பேருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. அவர்களுள் 477 பேருக்கு இயந்திரத்தாற் சுத்திகரிப்புச் செய்ய வேண்டியதாயிற்று. சிறுநீரகம் பழுதுற்றோருள் நூற்றுக்குப் பதினைந்து பேரளவிலேயே இறந்தனர். பைவாட்டர்சின் நால்வரை எண்ணிப் பார்க்கும் வாசகருக்கு இவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

ஆயினும் எமது மனத்தைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கையன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் கிழக்கில் நடந்த ஒரு சிறு சம்பவம்.

இருபது லீற்றர்

2003 மே முதலாந் திகதி பிங்கொல் என்னும் மாகாணத்திற் பூமி அதிர்ந்தது. நசிவு நோயுடன் பதினாறு பேர் ஒரே வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தனர். முன்னைய அனுபவம் கற்றிருந்த வைத்தியர்கள் இயந்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. சிறுநீர் நிற்குமுன்னரே நரம்பு வழியாக நீரேற்றத் தொடங்கினர். சிறிதளவன்று, நாளொன்றுக்குச் சராசரி இருபது லீற்றர்! வடிகளிற் சேறு படியுமுன் வெள்ளம் பாய்ச்சிக் கழுவுவதுபோல. பதினாறு பேருள் நால்வருக்கே இயந்திரம் தேவைப்பட்டது. அந்த நால்வருக்கும் மற்றவர்க்குமிடையே என்ன வேறுபாடு என்று ஆராய்ந்தபோது, மீட்கப்பட்டதன் பின் நீரேற்றத் தொடங்கிய நேரமே வேறுபட்டது. தப்பியவர்களுக்குச் சராசரி நான்கு மணித்தியாலத்துக்குள். இயந்திரம் தேவைப்பட்டவர்களுக்கு ஒன்பது மணித்தியாலத்தின் பின்.

1982 இல் லெபனான் நாட்டுத் தீர் நகரிற் கட்டடமொன்று வீழ்ந்தபோதும், இடிபாட்டுள் இருக்கையிலேயே நீரேற்றப்பட்ட எழுவரில் ஒருவருக்கேனும் சிறுநீரகம் நிற்கவில்லை என்று இஸ்ரேலிய வைத்தியர்கள் எழுதியிருந்தனர். ஆகவே விஷயம் முன்னரே தெரிந்ததுதான். தெரிந்ததற்கும் நடைமுறைக்கும் இடையே எத்தனை ஆண்டு!

நிவாரணக் குழுவின் அனுபவமெல்லாம் திரட்டப்பட்டு 2012 இல் விதிமுறைகளாக வெளிவந்தன. இடிபாட்டுள் அகப்பட்டவரின் கையோ காலோ எட்டுமாயின், கல்லைத் தூக்குமுன்னரே மணிக்கு ஒரு லீற்றர் வீதம் உப்புநீர் ஏற்றுக என்கின்றன அவை. நம்மவர் சேலைன் என்று வழங்குகிறார்களே, அதேதான். பொற்றாசியம் கலந்த நீர் கூடாது. சிறுநீர் முற்றாக நின்றபின் அளவின்றி ஏற்றுவதும் ஆபத்து. அப்பொழுது இயந்திரமே கதி. இவ்விடத்தில் நம் நாட்டவர்க்கு ஒரு வார்த்தை: களைத்தவருக்கு இளநீர் கொடுப்பது எமது வழக்கம். இளநீரிலும் செவ்விளநீரிலும் பொற்றாசியம் மிகுதி. தசை நசிந்தவருக்கும், சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் அது உதவியன்று.

வயற்கரையில்

பூமி அதிராத நாடுகளிலும் சிறுநீரகம் திடீரென நிற்கின்றது. வயிற்றோட்டத்தால் உடல் வரண்ட குழந்தைக்கு, பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்கு, மலேரியா கண்டவருக்கு. நம் நாட்டில் வயலிற் பரவும் எலிக்காய்ச்சலும், கண்ணாடி விரியன் கடியும் இதற்குப் பேர்போனவை. எமது தாய்மாமனார் ஒருவர் சூடடிப்புக் காலத்தில் விரியன் தீண்டி, விஷம் இறங்கியது என்று வீட்டார் ஆறியிருக்கையில், மூன்றாம் நாள் சிறுநீர் விடவில்லை என்பதை மாமியார் கவனித்துச் சொன்னதால்தான் பிழைத்தார். பதினெட்டு நாட்கள் தூரத்து வைத்தியசாலையில் இருந்தார். தாதியர் அவருடைய கட்டிலின் கீழ் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்து, அதில் எத்தனை கோடு ஏறியது என்று எழுதி வந்தனர். முதன்முதலில் அது கால்வாசி நிரம்பிய அன்று அவர் ஊருக்குத் தந்தியடிக்கச் சொன்னார் என்பது எமது குடும்பத்தில் இன்றும் சிரிப்புக்குரிய கதை.

இத்தகைய மரணங்களுள் தவிர்க்கக்கூடியது ஒன்றேனும் 2025 ஆம் ஆண்டளவில் நிகழாதிருக்க வேண்டும் என்று சங்கம் 2013 இல் ஓர் இலக்கை வகுத்துக்கொண்டது. ஆண்டு வந்தது, இலக்கு கைகூடவில்லை. அது கைகூடாது என்பது வகுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறோம். ஆயினும் அதே ஆண்டு மே மாதம் ஜெனீவாவிற் கூடிய உலக சுகாதார மகாசபை, குவாத்தமாலா நாடு முன்னின்று கொண்டுவந்த, சிறுநீரக நலத்துக்கென்றே அமைந்த முதலாவது தீர்மானத்தை நிறைவேற்றியது. ஏரிக்கரையிற் பிறந்த சங்கம் அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் அதே ஏரிக்கரையில் உலக அரசுகளின் செவியை எட்டியது. மெல்லக் கெடும் சிறுநீரகம் வேறொரு பெருங்கதை. வடமத்திய மாகாணத்து மெதவாச்சியிலும் பதவியாவிலும் உழவரைப் பீடிக்கும், காரணம் இன்னும் முடிவாகாத நோயும் அக்கதையைச் சேர்ந்தது. அதனை மற்றொரு ஞாயிறுக்கு வைத்துக்கொள்வோம்.

வினாக் கேட்ட மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். விடுமுறையில் வந்தவனிடம், கடன் தீர்ப்பவர்போல், இவ்வளவையும் கூறினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் சேர், இடிந்துகொண்டிருக்கிற வீட்டுக்குள் போய் ஊசி ஏற்றுவது யார்?" என்றான். விதிமுறைகளில் அதற்கும் விடை உண்டு. வைத்தியர் முதலில் தமது உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். சரியும் கட்டடத்துள் அவர் நுழையலாகாது. அது பயின்ற மீட்புப் பணியாளரின் வேலை என்று எழுதியிருக்கிறது. அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். "எங்களுடைய ஊரில் அப்படிப் பயின்றவர்கள் எத்தனை பேர்?" என்று பிறகு கேட்டான்.